ஊறும் நேரமா, முக்கும் எண்ணிக்கையா?
கண்ணாடியைப் பாலிமர் கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் படலம் தடிமனாகும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், சிலர் ஆமோதித்தும் இருக்கிறார்கள். நேர், எதிர் மின்னேற்றமுள்ள பாலிமர்களை மாறி மாறி அடுக்கடுக்காகச் சேர்க்கும் இந்த முறையில் அப்படி நடப்பதில்லைங்க. எதிர் மின்னேற்றமுள்ள கண்ணாடியில் பிஏஎச் என்ற நேர் மின்னேற்றமுள்ள பாலிமர் ஒட்டியதுமே மேற்பரப்பின் மின்னேற்றம் தலைகீழாகி, அப்புறம் வரும் பிஏஎச்சை அதுவே தள்ளிவிடும். பொதுவாகப் பத்து இருபது நிமிடத்தில் கதை முடிந்தது. தடிமன் வேண்டுமென்றால் தண்ணீரில் அலசி, பிஎஸ்எஸ் என்ற எதிர் மின்னேற்றமுள்ள பாலிமரின் கரைசலில் முக்கி, அலசி, மறுபடி பிஏஎச், இப்படியே போக வேண்டும். (கரைசலில் உப்பைக் கூட்டினாலும் அடுக்கு தடிக்கும், அது வேறு கதை.) 1990களின் தொடக்கத்தில் வேதியியலாளர் கெரோ டெக்கர் குழுவினர் இந்த முறையை வளர்த்தெடுத்ததே இந்தத் தலைகீழ் மாற்றத்தை நம்பித்தான்.

நீங்களே பார்த்துவிடலாம். பிஏஎச் பூசிய இரண்டு குவார்ட்ஸ் தகடுகளில் (சாதா கண்ணாடி புற ஊதா ஒளியை விழுங்கிவிடும்) ஒன்றை 20 நிமிடம், இன்னொன்றை ராத்திரி முழுக்க பிஎஸ்எஸ்ஸில் வைத்து, அலசி, கல்லூரியில் இருக்கும் யுவி (புற ஊதா ஒளி உறிஞ்சலை அளக்கும்) கருவியில், பிஎஸ்எஸ் ஒளியை உறிஞ்சும் 226 நானோமீட்டர் பக்கம் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டும். அடுத்து முதல் தகட்டை மட்டும் பத்துச் சுற்று முக்கி, சுற்றுக்கு ஒரு தடவை அளந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் ஏறும்.