நாற்றத்தை நம்பி டேங்க்கில் இறங்காதீர்கள்

"எம்.எஸ்.டி.எஸ் ஷீட் (ரசாயனத்தின் ஆபத்துகளையும் பாதுகாப்பு முறைகளையும் சொல்லும் தாள்) ஆபீஸ் ஃபைலில் இருந்தால் போதும், கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கணும்னு சட்டமே இல்லை, கேஸ் வந்தால் நாற்றத்திலேயே தெரிஞ்சிடும்" என்று ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். மூன்றுமே தவறு. கடைசியாகச் சொன்னது ஆளையே கொல்லும்.

தோல் பதனிடும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிறார்கள்; அடுத்த கட்டத்தில் அமிலம். இரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சுமார் 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். 'நாற்றம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் மோசமான நேரம். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் அங்கேயே விழுவார். ஆங்கிலத்தில் இருக்கும் ஷீட்டைப் பீரோவில் பூட்டி வைத்தால் தொட்டி கழுவுகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

சட்டத்துக்கு வருவோம். போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ பிரிவைச் சேர்த்தார்கள்: பாதுகாப்புத் தகவல் கேட்டுப் பெறுவதும் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்றது அது. அந்தச் சட்டத்தில் 'தொழிலாளி' என்றால் கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் சேர்த்தியாகத்தான் இருந்தார். தகவல் கேட்கும் உரிமை, அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. 1989 அபாயகர ரசாயன விதிகளின்படி ஒவ்வொரு கேனிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிள் வேண்டும். பழைய தண்ணீர் கேனில் ஆசிட் ஊற்றி வைக்கிற நம்மூர் பழக்கத்தை என்ன சொல்ல!

அந்தக் கருத்தைத் திருத்திவிடுங்கள், சார். சூப்பர்வைசர்களும் இதைப் படிக்கிறார்கள்.