லைனை நிறுத்தியவர் மீது மட்டும் என்ன கோபம்?

சேதராப்பட்டில் உள்ள நம் உணவுப் பாக்கெட் தொழிற்சாலையில் வியாழக்கிழமை இரவு ஷிப்டில் நடந்ததைத் தொழிலாளர் குழுவில் ஆளாளுக்குப் பேசித் தீர்த்துவிட்டீர்கள். இரண்டு நாள் பொறுத்துவிட்டு எழுதுகிறேன். தரப் பரிசோதனையில் இருக்கும் அந்தச் சகோதரி பாக்கெட் போடும் லைனை நாற்பது நிமிடம் நிறுத்தியதால் ஷிப்டு முழுவதற்கும் உற்பத்தி ஊக்கத்தொகை போனது உண்மை. ஏன் நிறுத்தினார் என்று ஒருவராவது கேட்டீர்களா? பாக்கெட்டை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார். சீல் ஓரத்தில் உஸ்ஸென்று காற்று வந்தது. பத்துப் பாக்கெட்டில் மூன்றில் வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எண்ணிக்கைக்குப் பணம் என்றால் எண்ணிக்கைதான் வரும், தரம் வராது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இலக்கை எட்டுவதற்காக ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் தொடங்கியிருந்தது 2016இல் அம்பலமானது. சேதராப்பட்டில் கசியும் பாக்கெட்டைப் பெட்டிக்குள் தள்ளுவதும் அதே சங்கதிதான்.

“ஊக்கத்தொகை இல்லாவிட்டால் எவன் வேலை செய்வான்?” என்பீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பீஸ் ரேட்டில் துணி தைத்துத்தான் என் அம்மா என்னை ஐடிஐ படிக்க வைத்தார். பணம் கையை வேகமாக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆண்டு போனஸுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், என்று சட்டமே சொல்கிறது. இந்த மாதாந்திர ஊக்கத்தொகைக்கோ நிர்வாகம் வைத்ததுதான் சட்டம். நான் நிர்வாகத்தின் எதிரி என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்–புதுச்சேரி சாலையே முடங்கியபோது, நான் இரண்டு நாள் வேலைக்கு வர முடியவில்லை. வருகை ஊக்கத்தொகை 1,200 ரூபாயும் போனது. “விதி எல்லோருக்கும் ஒன்றுதானே” என்றார் மேலாளர். ஆமாம், வெள்ளமும் அப்படித்தான் பாகுபாடு பார்க்காமல் வந்தது! அடுத்த மாதம் காய்ச்சலோடு, உணவுப் பொருள் பாக்கெட் போடும் இடத்தில், இருமிக்கொண்டே நின்றேன். அந்த மாதத் தொகை ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. நிர்வாகத்தின் ஊக்கத்தொகைத் திட்டம் என்னிடமிருந்து வாங்கிய ஊக்கம் இதுதான்.

இப்போது பழியெல்லாம் லைனை நிறுத்திய அந்தச் சகோதரி தலையில். சீல் போடும் இயந்திரத்தின் சூடு குறைகிறது என்று அவர் மூன்று முறை பதிவேட்டில் எழுதியதை யாரும் பேசக் காணோம். வெள்ளி காலை கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை கடலூர் வரை காலியாகவே வந்தது. நானும் போய் உட்காரவில்லை.