பாட்டி செய்த வேலையும் எழுதப்பட வேண்டும்

உங்கள் பாட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்து முடித்ததும் மனசு கனத்துவிட்டது. அவர் இறந்தபோது வந்த இரங்கல் அறிவிப்பில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்கள் மட்டும் இருந்தன, அவர் செய்தது எதுவுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் பாட்டிக்கும் அதேதான் நடந்தது.

என் பாட்டி, கிழிந்த சட்டையைத் தரை துடைக்கப் போடும் முன் பொத்தான்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, ஒரே நிறத்தில் இருப்பவற்றை நூலில் கோத்து டப்பாவில் போட்டு வைப்பார். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பொத்தான் அறுந்தால் சட்டையைக் கழற்றக்கூட விடமாட்டார். நிற்க வைத்தே தைத்து, நூலைப் பல்லால் கடித்து, "சரி, ஓடு" என்பார். அப்புறம் தாத்தாவின் மாத்திரை வேளை, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எந்த ரசீது எந்த அலமாரியில், எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அவர் போன பிறகு வீடே தடுமாறிப் போனது.

2018-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 64 நாடுகளின் தரவை வைத்து ஒரு கணக்குச் சொன்னது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது, அதில் 76.2 சதவீதம் பெண்களுடையது. மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இது சேர்வதில்லை. குடும்ப நினைவிலாவது சேர வேண்டாமா?

உங்கள் அம்மாவிடமும் சித்தி, பெரியம்மாவிடமும் கேட்டு, பாட்டியின் ஒரு முழு நாளைக் காலையிலிருந்து இரவு வரை எழுதி வையுங்கள். நானும் என் அத்தையிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். எனக்குத் தெரியாத எவ்வளவோ அவருக்கு நினைவிருக்கிறது.