பெண் பிள்ளைகளுக்கு ஒரு கோவில்பட்டி வேண்டும்

இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் முன்னாள் கேப்டன் ராணி ராம்பாலைப் பற்றி யார் எழுதினாலும் பால் கதையில்தான் ஆரம்பிக்கிறார்கள். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கு அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்று கோச் சொன்னார், வீட்டில் இருநூறு மில்லிக்குத்தான் காசு இருந்தது, மீதிக்குத் தண்ணீர் கலந்து எடுத்துப் போனார். அவரே சொன்னதுதான். அப்பா வண்டி இழுத்தவர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர், வீட்டில் கடிகாரம்கூடக் கிடையாது, வானத்து நட்சத்திரத்தைப் பார்த்து நேரத்தைக் கணித்துத்தான் அம்மா மகளை எழுப்பி விடுவாராம். படித்தால் கண் கலங்கத்தான் செய்யும். ஆனால் அதை மட்டும் ஷேர் செய்துவிட்டு "வறுமையை வென்ற வீராங்கனை" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. வறுமை எங்கள் மன்னார்குடி பக்கத்திலும் இருக்கிறது, திருத்துறைப்பூண்டி பக்கத்திலும் இருக்கிறது. பாலில் தண்ணீர் கலக்கிற வீடு நம் தெருவிலும் உண்டு. இங்கிருந்து ஏன் ஒரு ராணி வரவில்லை என்று கேட்டால் அந்தக் கதையில் பதில் இல்லை, அதே கதையில் ஓரமாக வந்துபோகிற அந்த கோச்சிடம்தான் பதில் இருக்கிறது.

அவர் பெயர் பல்தேவ் சிங். ஊர் ஷாஹாபாத் மார்கண்டா, ஹரியானாவில் குருக்ஷேத்திரம் மாவட்டம். பெரிய நகரம் ஒன்றும் இல்லை. நம்மைப் போலவே நெல் விளைகிற பூமி, கரும்பு ஆலை உள்ள ஊர், பக்கத்தில் மழைக்காலத்தில் பெருக்கெடுக்கிற ஆறு. அங்கே ஒரு மனிதர் வருஷக்கணக்காகப் பெண் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், கறாராகவும் இருந்தார். ராணி ஆறேழு வயதில் அங்கே போய் நின்றபோது அவருக்கு முன்பே அங்கிருந்து இந்திய அணிக்குப் போன அக்காக்கள் இருந்தார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக் அணியைப் பாருங்கள். ராணி, நவ்ஜோத் கௌர், நவ்நீத் கௌர் மூன்று பேரும் அந்த ஒரே ஊர்க்காரர்கள். ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரே நேரத்தில் ஒலிம்பிக்குக்கு மூன்று பேர் என்றால் அதை அதிசயம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர முடியாது. யாரோ விதைத்திருக்கிறார்கள், தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள், களை எடுத்திருக்கிறார்கள்.

சரி, அவருடைய ஆட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 2008-இல் பதினான்கு வயதில் இந்தியாவுக்கு ஆடினார். 2010-இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் உலகக் கோப்பை, பதினைந்து வயது, அணியிலேயே கடைக்குட்டி, ஏழு கோல்கள். இந்தியா ஒன்பதாவதாகத்தான் வந்தது, ஆனால் அந்தப் போட்டியின் சிறந்த இளம் வீராங்கனை விருது இவருக்கு. நம் ஊரில் பதினைந்து வயதுப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைத் தவிர வேறு எதையும் நினைக்கக் கூடாது என்று இருக்கிறோம். 2013-இல் ஜெர்மனியின் மான்சென்கிளாட்பாக்கில் ஜூனியர் உலகக் கோப்பை. இங்கிலாந்தை ஷூட்அவுட்டில் (ஆட்டம் சமனானால் ஆளுக்கு ஆள் கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொள்வது) ஜெயித்து வெண்கலம், இந்தியப் பெண்களுக்கு அந்தப் போட்டியில் முதல் பதக்கம், தொடரின் சிறந்த வீராங்கனை மறுபடியும் ராணி.

2015-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில், ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவதற்கான போட்டியில், ஜப்பானுக்கு எதிராக ஒரே ஒரு கோல், அடித்தவர் ராணி. அந்த வெற்றியில் கிடைத்த ஐந்தாம் இடம்தான் இந்தியப் பெண்களை 2016 ரியோ ஒலிம்பிக்குக்குக் கூட்டிப்போனது. அதற்கு முன் அவர்கள் ஒலிம்பிக்கில் ஆடியது 1980 மாஸ்கோவில். முப்பத்தாறு வருஷம்! ஒரு தலைமுறைப் பெண்கள் ஹாக்கி ஆடி, வயதாகி, ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஒலிம்பிக் மைதானத்தைக் கண்ணால் பார்க்காமலே. ரியோவில் கடைசி இடம் கிடைத்தது என்பதை இங்கே பலர் கேலியாகச் சொல்வார்கள். முப்பத்தாறு வருஷம் கதவு பூட்டியிருந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற ஆட்டம் 2019 நவம்பரில் புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில் நடந்தது. டோக்கியோவுக்கு யார் போவது என்று அமெரிக்காவோடு அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டம், இரண்டையும் கூட்டி யாருக்குக் கோல் அதிகமோ அவர்களுக்கு டிக்கெட். முதல் நாள் 5-1 என்று ஜெயித்தாகிவிட்டது, இனி என்ன என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் மறுநாள் இடைவேளைக்குள் அமெரிக்கா நான்கு கோல் போட்டுவிட்டது. கூட்டினால் ஐந்துக்கு ஐந்து. நேற்று சேர்த்து வைத்தது முழுக்க அரை மணி நேரத்தில் கரைந்துபோய், சொந்த ஊர் கூட்டம் வாயடைத்து உட்கார்ந்திருக்க, அந்த நிலைமையில் ஒரு அணி இடைவேளைக்குப் பிறகு எப்படித் திரும்பி வரும் என்பதுதான் கேப்டன் என்ற வார்த்தைக்குச் சோதனை. 48ஆவது நிமிடம் டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கிற வளைவுக்குள், பந்து கிடைத்தது, ராணி அடித்தார், உள்ளே போனது. அந்த ஆட்டம் 4-1 தோல்விதான், ஆனால் கூட்டுத்தொகை 6-5. அந்த ஒரு கோல் இல்லையென்றால் டோக்கியோவே இல்லை, நாம் டிவி முன்னால் உட்கார்ந்து அழுத அந்த ஆகஸ்ட் மாதமும் இல்லை.

டோக்கியோ எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. அப்புறம் அயர்லாந்தை நவ்நீத்தின் ஒரே கோலில் ஜெயித்தார்கள், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா ஹாட்ரிக் அடித்தார், ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் அவர். காலிறுதியில் ஆஸ்திரேலியா, யாருக்கும் நம்பிக்கை இல்லை, குர்ஜித் கௌரின் ஒரு பெனால்டி கார்னரில் அந்த மலையையும் தாண்டினார்கள். அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-1. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 4-3. நான்காம் இடம்.

அர்ஜென்டினாவிடம் தோற்ற அன்று ஹரித்வார் பக்கம் வந்தனாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள், போலீஸ் கைது செய்ய வேண்டி வந்தது. அது ஏதோ வடக்கே நடக்கிற விஷயம் என்று நம் ஆட்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இங்கே பள்ளி அணியில் வேகமாக ஓடுகிற பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று விசாரிக்கிற வாய்கள் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைத் தொடாத சக மாணவியின் அம்மாவையும் எனக்குத் தெரியும்.

டோக்கியோவுக்குப் பிறகு ராணிக்கு நடந்ததைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. தொடைத் தசையில் காயம். 2022 உலகக் கோப்பை அணியில் இடம் இல்லை, காமன்வெல்த்திலும் இல்லை. 2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா தொடருக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் ஆசிய விளையாட்டுக்கு இல்லை. 2024 ஜனவரியில் ராஞ்சியில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி, அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஷூட்அவுட்டில் தோல்வி, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் ஒரு கோலில் தோல்வி, பாரிஸ் போச்சு. ராணி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பதினான்கு வயதிலிருந்து தோளில் தூக்கி வந்தவரை, விளையாட்டில் நிதானம் முதிர்கிற வயதில், இப்படி வாசலில் நிற்க வைத்தது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். 2024 அக்டோபரில் டெல்லியில் ஓய்வை அறிவித்தார். 254 ஆட்டங்கள், முப்பது வயது ஆகவில்லை. அவருடைய 28ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா சொன்னது. கேல் ரத்னா, பத்மஸ்ரீ எல்லாம் 2020-இலேயே வந்துவிட்டன. ரேபரேலியில் ஒரு மைதானத்துக்கு அவர் பெயர். இப்போது கோச்சாகவும் ஆகியிருக்கிறார், பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் 2025-இல் முதல்முறையாக நடந்தபோது சூர்மா அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தார். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது, 2023-இல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பல்தேவ் சிங் செய்ததை அவர் மாணவி தொடர்கிறார்.

இனி நம் விஷயம். தமிழ்நாட்டில் ஆண் பிள்ளைகள் ஹாக்கி என்றால் கோவில்பட்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் விற்கிற அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக மட்டையைக் கீழே வைக்கவில்லை. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூரில் பிறந்த கார்த்தி செல்வமும் கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பழகித்தான் இந்தியச் சட்டை போட்டார். 2025 கடைசியில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இவ்வளவும் இருக்கிற மாநிலத்தில் பெண்கள் ஹாக்கிக்கு அப்படி ஓர் ஊர்ப் பெயர் உங்கள் வாயில் சட்டென்று வருகிறதா? ஜார்கண்டுக்குக் குந்தி, சிம்டேகா இருக்கிறது. ஒடிசாவுக்குச் சுந்தர்கர் இருக்கிறது. நமக்கு?

என் தம்பி மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளி அணியில் ஆடுகிறாள். அவள் ஆடுவது செம்மண் மைதானம். ஐப்பசி கார்த்திகையில் அது குளம், அறுவடை நேரத்தில் அதில் பாதி நெல் காயப்போடும் களம். ஒலிம்பிக் ஹாக்கி 1976 மாண்ட்ரியலிலிருந்தே டர்ஃப் என்கிற செயற்கைத் தரையில்தான், அதில் பந்து வழுக்கிக்கொண்டு போகிற வேகம் வேறு, நிறுத்துகிற விதம் வேறு. மண்ணில் மட்டுமே பழகிய பிள்ளையை ஒருநாள் டர்ஃப் மைதானத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் இறக்கிவிட்டால், அவளைத் தாண்டிப் பந்து போய்க்கொண்டே இருக்கும், அவள் தனக்கு ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வாள். எத்தனை பிள்ளைகள் அப்படி மனசு விட்டுப் போயிருப்பார்கள்!

அதையும்விடப் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. தம்பி என்னிடம் சொன்னான், "அக்கா, வயசுக்கு வந்த புள்ள, அரை டவுசர் போட்டுக்கிட்டு ஊரு முன்னாடி ஓடுனா நாளைக்கு யாருக்கா பதில் சொல்றது?" அவன் கெட்டவன் இல்லை, பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறான், ஊர் வாயைப் பார்த்துப் பயப்படுகிறான். ராணியின் வீட்டிலும் அதே பேச்சுதான், குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு ஓடப் போகிறாளா என்று தடுத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே அந்தப் பயத்தை உடைத்தது மேடைப் பேச்சு இல்லை, பக்கத்துத் தெருப் பெண் ஆடி, வேலை வாங்கி, வீடு கட்டியதைக் கண்ணால் பார்த்ததுதான். இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் மூன்று சதவீதம் இருக்கிறது, ரயில்வே காலங்காலமாகப் பெண்கள் ஹாக்கிக்காரர்களுக்கு வேலை கொடுக்கிறது. இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பி.டி. டீச்சர் நின்று சொன்னால் தம்பி மாதிரி ஆட்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் இங்கே விளையாட்டுப் பீரியடையே கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுத்துவிடுகிறோம்.

அதனால் என் கோரிக்கை இதுதான், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டத்துக்கும் பொதுவாக டெல்டாவில் ஓர் ஊர், அதில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு டர்ஃப், தங்க ஒரு விடுதி, மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடாத ஒரு கோச். இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் முதலில் கேட்பேன். மைதானம் வந்து கோச் வராத இடங்களில் அப்புறம் ஆடு மேய்வதைப் பார்த்திருக்கிறோம். ஒரே ஆள் பத்து வருஷம் ஒரே இடத்தில் நிற்கும்படி சம்பளமும் பதவியும் கொடுங்கள். எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் தொகுதி நிதியில் எத்தனையோ வளைவு கட்டுகிறார்கள், இதைச் செய்யட்டும்.

அதுவரை நம்மால் ஆனது. எங்கள் பள்ளிப் பெண்கள் அணிக்கு கோல்கீப்பர் கிட் என்று இருப்பது பையன்கள் போட்டுத் தேய்ந்த ஒரு செட். கால் பேட் அந்தப் பிள்ளைக்கு இடுப்பு வரை ஏறுகிறது, ஹெல்மெட் ஆடுகிறது, அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் மாவட்டப் போட்டியில் நின்றாள். சிங்கப்பூரிலும் துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிற நம் பழைய மாணவர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கிறவர்கள், இதற்கும் கொடுப்பார்கள். பணமாக என் கையில் வேண்டாம், கிட்டாக வாங்கிப் பள்ளி முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். உயரம், கால் அளவு, தலைச் சுற்றளவு எல்லாம் டீச்சர் எடுத்து வைத்திருக்கிறார், இன்பாக்ஸில் கேட்டால் தருகிறேன். பெண் பிள்ளைகள் போடும் சின்ன சைஸாகவே பார்த்து வாங்குங்கள்.