பிள்ளை பிழிந்த முறுக்கு விருந்தினர் தட்டுக்கு வரட்டும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று காலையில், விருந்தினர்களுக்காக மேசையில் பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஆறு வயதாக இருந்த என் மகள் ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்துவிட்டு, "நான் பிழிஞ்ச முறுக்கு எங்கேம்மா?" என்று கேட்டாள். அது சமையலறை அலமாரியின் மேல்தட்டில், ஒரு பழைய மைலோ டின்னுக்குள் இருந்தது. முந்தைய வாரம் அவளும் நானும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து செய்த அந்த முறுக்குகளில் சில வாய் திறந்திருந்தன, சில ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன, சில வட்டமே ஆகாமல் நீண்டு கிடந்தன. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, வெளியில் சொல்லி வாங்கிய, ஒரே அளவான முறுக்குகளைத்தான் தட்டில் வைத்திருந்தேன். "அது நமக்கு மட்டும்னு எடுத்து வச்சிருக்கேன் கண்ணு" என்று சமாளித்தேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மாவு பிசைந்து வைத்துவிட்டு அவளை அழைத்தபோது, "நீங்களே பிழிங்கம்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

அந்த ஒரு பதில்தான் இந்தப் பதிவை எழுத வைக்கிறது. பிள்ளைகளோடு வீட்டில் கைவேலை செய்வது நல்லது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம்; பள்ளி விடுமுறை வந்தாலும் பண்டிகை வந்தாலும் அதற்கான யோசனைகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். ஆனால் பிள்ளை செய்த பொருள் செய்து முடித்த பிறகு எங்கே போகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. என் கருத்தில் முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. பிள்ளை போட்ட கோலத்தைத் தாண்டித்தான் விருந்தினர் வீட்டுக்குள் வர வேண்டும். பிள்ளை பிடித்த நெய் உருண்டையை யாராவது எடுத்துத் தின்ன வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத கைவேலை, பெரியவர்கள் உண்மையான வேலையை முடிக்கும்வரை பிள்ளையை ஓரமாக உட்கார வைக்கும் ஏற்பாடாகவே முடிந்துவிடுகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

கடந்த ஆண்டு பினாங்கில் ஒரு பேரங்காடியில் நடந்த தீபாவளிக் கைவினைப் பட்டறைக்கு என் மகனை அழைத்துச் சென்றேன். வெட்டித் தயாராக வைத்த அட்டை விளக்கு, பின்பக்கத் தாளை உரித்து ஒட்டுகிற மணிகள், எந்த மணி எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டும் படம் எல்லாம் ஒரு பைக்குள் இருந்தன. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டான். அங்கிருந்த பிள்ளைகள் அனைவரின் விளக்கும் ஒன்றுபோலவே இருந்தது. காரின் பின்னிருக்கையில் கிடந்த அதை மறுநாள் அவன் தேடவே இல்லை. அவன்மேல் எனக்குக் குறையில்லை. தவறிப் போவதற்கு வழியே இல்லாத வேலையில், "இதை நான் செய்தேன்" என்று சொல்லிக்கொள்வதற்கும் எதுவும் மிஞ்சுவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை அவன் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வசிக்கும் மலாய்க்கார அம்மையார் வீட்டில் கற்றுக்கொண்டான். நோன்புப் பெருநாளுக்கு முன் அவர் தென்னங்குருத்தோலையில் கெத்துப்பாட் என்னும் அரிசிக்கட்டிக்கான கூடுகளைப் பின்னிக்கொண்டிருந்தபோது, இவனையும் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு கைகளிலும் இரண்டு ஓலை நறுக்குகளைச் சுற்றிவிட்டு, ஒன்றின் மேலும் மற்றொன்றின் கீழுமாக விட்டு வாங்கும் முறையைக் காட்டினார். பின்னி முடித்த கூட்டில் பாதிக்குச் சற்று மேல்வரை அரிசியை இட்டு நான்கைந்து மணி நேரம் வேகவைப்பார்கள். அரிசி உப்பி, கூட்டை நிறைத்து, இறுகிக் கட்டியாகிவிடும். பின்னல் தளர்ந்திருந்தால் அரிசி தண்ணீரில் கொட்டிப்போகும். இவன் பின்னிய முதல் மூன்றும் அப்படித்தான் கொட்டின. நான்காவதை அவனே பிரித்து, இழுத்து, மறுபடி பின்னினான். சரியா தவறா என்று சொல்ல அங்கே பெரியவர் யாரும் வாய் திறக்கவில்லை, பானையே சொல்லிவிட்டது. பெருநாளன்று அந்த நான்காவது கெத்துப்பாட்டை அவர் மற்றவற்றோடு சேர்த்தே வெட்டிப் பரிமாறினார். நான் என் மகளுக்குச் செய்யத் தவறியதை அவர் இயல்பாகச் செய்துவிட்டார்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1939இல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தவர், உலகப் போர் மூண்டதால் நாடு திரும்ப முடியாமல், சில காலம் கொடைக்கானலிலும் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். அவருடைய முறையில் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்பாகவே, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது போன்ற அன்றாட வேலைகள் வருகின்றன. அந்த வேலைகளுக்குக் கொடுக்கப்படுபவை விளையாட்டுச் சாமான்கள் அல்ல. பிள்ளையின் கைக்கு ஏற்ற அளவில் செய்யப்பட்ட, விழுந்தால் உடையக்கூடிய உண்மையான பாத்திரங்கள். இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது என் அம்மா வளர்ந்த ரப்பர்த் தோட்டம்தான். அங்கே தீபாவளிக்கு முன் வீட்டில் ஆளுக்கொரு வேலை இருந்தது. இடித்த மாவைச் சலிப்பது பத்து வயதுப் பிள்ளையின் பொறுப்பு, அது சலிக்காவிட்டால் அடுத்த வேலை நடக்காது. அந்தக் காலத்தை நான் பொன்னாக்கிப் பேச விரும்பவில்லை. வறுமையும் ஆள் பற்றாக்குறையும்தான் பிள்ளைகளை வேலையில் இறக்கின. ஆனாலும் தன் வேலை வீட்டுக்குத் தேவை என்பதை அந்தப் பிள்ளை அறிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு வறுமை இல்லாமலே அந்த அறிவை மட்டும் கொடுக்க முடியும் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது நெய் உருண்டை முழுக்க முழுக்கப் பிள்ளைகளின் பொறுப்பு. பாசிப்பயற்றை வாசம் வரும்வரை வறுத்து மாவாக்கி வைப்பது மட்டும் என் வேலை. இரண்டு கிண்ணம் மாவுக்கு ஒரு கிண்ணம் பொடித்த சர்க்கரையை அளந்து கலப்பது மகன். உருக்கிய நெய்யை நான் ஊற்றி, கரண்டியால் கிளறி, சூடு ஆறுவதற்காகக் காத்திருப்போம். சரியான சூடு எது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் அவர்களே உள்ளங்கையால் கண்டுபிடிக்கிறார்கள். அதிகச் சூட்டில் பிடிக்க முடியாது. ஆறிவிட்டால் உருண்டை உதிர்ந்துவிடும், மறுபடி ஒரு கரண்டி சூடான நெய் விட வேண்டும். மகள் ஐந்து விரல்களையும் குவித்து, முதலில் அழுத்தி, பிறகு அழுத்தத்தைத் தளர்த்தி, உள்ளங்கைக் குழிக்குள் மெல்லச் சுழற்றுகிறாள். அப்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். என் அம்மாவும் உருண்டை பிடிக்கும்போது அப்படித்தான் கடித்துக்கொள்வார். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மகன் பிடிப்பது கோலிக்குண்டு அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும். அத்தனையும் ஒரே தட்டில் போகின்றன.

பிஸ்கட் செய்வதில் நான் பட்ட சிரமம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகளில் வெண்ணெய் அறையின் வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் மனத்தில் வைத்திருக்கும் அறையின் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை. பினாங்கில் பகலில் 30 பாகையைத் தாண்டிவிடுகிறது. அந்த வெப்பத்தில் வெண்ணெய் குழைந்து, மாவு கையில் ஒட்டி, அச்சில் வெட்டிய மயிலும் மாங்காயும் ஓவனுக்குள் போனதும் படர்ந்து ஒரே வடிவமாகிவிடும். 100 கிராம் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா என்ற எளிய அளவே போதும். ஆனால் மாவைத் தேய்த்ததும் அரை மணி நேரமும், அச்சால் வெட்டியதும் இன்னொரு கால் மணி நேரமும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு தட்டு பிஸ்கட் உருக்குலைந்து வந்த பிறகு, "மாவுக்கு வெயில் தாங்கலைம்மா" என்று என் மகன்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னான். அன்றிலிருந்து மாவைக் குளிர்பெட்டியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எடுப்பது அவன் பொறுப்பு. பொறுமையாக இரு என்று நான் நூறு முறை சொல்லியும் கேட்காத பிள்ளை, அந்தக் கால் மணி நேரம் குளிர்பெட்டிக் கதவின் பக்கத்திலேயே காத்து நிற்கிறான்.

முறுக்கு என்றதும் எல்லோரும் எண்ணெயைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது; கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் அருகே சிறு பிள்ளைகளுக்கு இடமில்லை, இதில் எந்தத் தளர்வும் கூடாது. ஆனால் பிழிவதற்கும் பொரிப்பதற்கும் இடையே தூரம் வைக்கலாம். சாப்பாட்டு மேசையில், எண்ணெய் தடவிய சிறு சிறு வாழையிலைத் துண்டுகளின்மேல் பிள்ளைகள் பிழிவார்கள். நான் துண்டு துண்டாக எடுத்துச் சென்று சட்டியில் நழுவவிடுவேன். அழுத்திப் பிழியும் பித்தளை அச்சு அவர்கள் கைக்குக் கடினம். கைப்பிடியைத் திருகிப் பிழிகிற அச்சு ஒன்றை லிட்டில் இந்தியாவில் வாங்கிய பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ஒருவர் திருக, மற்றவர் இலையைச் சுற்ற வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் வட்டம் வரும். அண்ணன் தம்பி, அக்காள் தம்பி சண்டைகளுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

தீபாவளி வரும் காலத்தில் பினாங்கில் மழை கொட்டும். ஈரக்காற்றில் முறுக்கு நமத்துப் போகும் என்பதால், நன்றாக ஆறும்வரை பொறுத்து, உடனே டின்னில் இறுக்கி மூட வேண்டும். சூட்டோடு மூடினாலும் உள்ளே வியர்த்து நமத்துவிடும். எப்போது மூடுவது என்று முடிவு செய்வதும் மகளின் வேலைதான்.

கோலத்தைப் பற்றி ஒன்று. நடுவில் ஏழு புள்ளி, இருபுறமும் இடுக்குப் புள்ளியாக நான்கு வரை குறைத்துக்கொண்டு வந்தால் மொத்தம் 37 புள்ளிகள். மகள் முதலில் ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றே என்று பார்த்து, நான்கும் ஐந்தும் ஆறும் பதினைந்து, அது இரண்டு முப்பது, நடுவில் ஏழு என்று வாய்க்கணக்காகச் சொன்னாள். அதே கணக்கைப் பயிற்சி நூலில் வைத்து அவளை உட்கார வைக்க நான் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். முன்பு அவள் தூங்கிய பிறகு கோணலான கம்பிகளை அழித்துத் திருத்திவிடும் பழக்கமும் எனக்கு இருந்தது. இப்போது தொடுவதில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்று தோழிகள் கேட்கிறார்கள். நானும் வேலைக்குப் போகிறவள்தான்; அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகும் நம் பிள்ளைகளின் மாலைகள் டியூஷன் வகுப்புகளால் நிரம்பித்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாப் பலகாரத்தையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதிரசத்தையும் ஓமப்பொடியையும் நான் இன்றும் வெளியில்தான் வாங்குகிறேன். அவற்றைச் செய்து விற்கும் பெண்களுக்கு அது பிழைப்பு. இரண்டே இரண்டு பலகாரம், அதுவும் இரண்டு சனிக்கிழமை மாலைகளில் மட்டும், பிள்ளைகளின் கையால் நடக்கட்டும். பள்ளித் திட்டப்பணிக்காக நள்ளிரவில் நாமே விழித்திருந்து அழகாக ஒட்டிக் கொடுக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால், அந்த இரண்டு மாலைகளுக்கான நேரம் நம்மிடம் இருக்கிறது.

மேசையும் தரையும் மாவாகும், உண்மைதான். துடைப்பதும் பிள்ளைகளின் வேலையில் சேர்த்திதான். அதை அவர்கள் போன பிறகு நாம் செய்யக் கூடாது.

கடந்த தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த என் அலுவலகத் தோழி ஒருவர், தட்டில் இருந்த கோணலான முறுக்கு ஒன்றை எடுத்து, "இது யார் கை?" என்று கேட்டார். மகள் ஓடி வந்து, "நான் பிழிஞ்சேன், தம்பி இலையைச் சுத்தினான், அதான் இந்த இடத்துல வளைஞ்சிருக்கு" என்று, வளைவை விரலால் தொட்டுக் காட்டி விளக்கினாள். தோழி பொறுமையாகக் கேட்டுவிட்டு அதைத் தின்றார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

இந்த ஆண்டு மகள் மூன்று டின்களைக் கழுவிக் காயவைத்து, மூடியில் பலகாரத்தின் பெயரையும் செய்த தேதியையும் எழுதி ஒட்டத் தயாராக வைத்திருக்கிறாள். அந்தப் பழைய மைலோ டின்னும் அவற்றில் ஒன்று. அதில் முறுக்குதான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். வரும் சனிக்கிழமை மாலை மாவு பிசைகிறோம்.