வரைபடத்தில் சிவப்பு குறைந்தால் காற்று சுத்தமாகிவிட்டதா?

நண்பர் ஒருவர் நேற்று இரண்டு வரைபடங்களை அக்கம்பக்கமாக வைத்துப் பகிர்ந்திருந்தார். போருக்கு முந்தைய உக்ரைன் ஒன்று, ரஷ்யா படையெடுத்த பிறகான உக்ரைன் இன்னொன்று. முதலாவதில் தொழில் நகரங்களின் மேல் செக்கச்சிவந்த திட்டுகள், இரண்டாவதில் எல்லாம் வெளிறிப்போயிருந்தன. மேலே ஒரு வரி: "போரால் ஒரே ஒரு நல்லது, காற்று சுத்தமாகிவிட்டது." சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், அது வளர்ந்துகொண்டே போனது. சரி, இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தப் படம் மொத்தக் காற்று மாசையும் காட்டுவதில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற ஒரே ஒரு வாயுவைத்தான் காட்டுகிறது. டீசலோ நிலக்கரியோ எரிவாயுவோ, எதை அதிக வெப்பத்தில் எரித்தாலும் அது வரும். லாரி ஓடினால் வரும், அனல்மின் நிலையம் ஓடினால் வரும், எஃகு உலை எரிந்தால் வரும். காற்றில் அதன் ஆயுள் சில மணி நேரம்தான், மிஞ்சிப்போனால் ஒரு நாள். வெகுதூரம் போவதற்குள் கரைந்துவிடுவதால், பிறந்த இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கார்பன் டை ஆக்சைடிடம் இந்த வேலை நடக்காது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து கிடக்கும் அந்த இருப்பில், நேற்று ஒரு ஆலை நின்றுபோனதை எங்கே தேடுவது?

இதை அளப்பது ட்ரோபோமி என்ற கருவி. ஐரோப்பிய விண்வெளி முகமை 2017 அக்டோபரில் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளில் இருக்கிறது. பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு நீல ஒளியை விழுங்கியிருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு புள்ளி என்பது 3.5-க்கு 5.5 கிலோமீட்டர் பரப்பு. தினம் ஒருமுறை, எந்த ஊரானாலும் அந்த ஊர் நேரம் மதியம் ஒன்றரை மணி வாக்கில் கடந்து போகும்.

இப்போது மரியுபோலுக்கு வருவோம். போருக்கு முன் நான்கு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த துறைமுக நகரம். அசோவ்ஸ்டால், இல்லிச் என்று இரண்டு பிரம்மாண்ட எஃகு ஆலைகள். காற்று மாசுக்கு உக்ரைனிலேயே பேர்போன ஊர்களில் ஒன்று. 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு நகரம் முற்றுகையில் சிக்கியது, ஆலைகள் நின்றன, அசோவ்ஸ்டாலின் சுரங்க அறைகளில் மக்கள் வாரக்கணக்கில் பதுங்கிக் கிடந்தார்கள். அந்த ஊரின் மேல் சிவப்பு மங்கியது உண்மைதான். உலை அணைந்தது, பேருந்து ஓடவில்லை, ஓட்ட ஆளும் இல்லை. அதைத்தான் நண்பர் 'சுத்தம்' என்கிறார்.

இதைவிடத் தெளிவான உதாரணம் சிரியா. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவன விஞ்ஞானிகளும் மற்றவர்களும் 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாசாவின் ஆரா செயற்கைக்கோளில் உள்ள, ட்ரோபோமிக்கு முன்னோடியான ஓமி கருவியின் பத்தாண்டுத் தரவு அதில் இருந்தது. 2011-ல் சண்டை தொடங்கிய பிறகு டமாஸ்கஸ், அலெப்போ நகரங்களின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு 40 முதல் 50 சதவீதம் குறைந்திருந்தது. அதே சமயம் பக்கத்து நாடான லெபனானில் 2014-ல் 20 முதல் 30 சதவீதம் கூடியிருந்தது. ஏனென்று யோசிக்க வேண்டியதே இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய அகதிகள் அங்கே போயிருந்தார்கள். அடுப்பும் வண்டியும் மின்சாரத் தேவையும் அவர்களோடு எல்லை தாண்டியிருந்தன. அந்த ஆய்வை முதன்முதலாகப் படித்தபோது, வாயுக் கணக்கு என்ற பெயரில் ஒரு குடிபெயர்வுக் கணக்கைப் படிப்பதாகவே தோன்றியது.

போரின் சொந்தப் புகை எங்கே என்று கேட்கலாம். ஷெல் வெடிப்பதில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு, ஒரு நகரம் அன்றாடம் எரிக்கும் எரிபொருளுக்கு முன்னால் பெரும்பாலும் தனியாகத் தெரியாது. இடிந்த கட்டடத்தின் சிமெண்ட் தூசியும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளும் இந்தப் படத்தில் வரவே வராது. கிடங்கோ கிணறோ பற்றி எரிந்தால் கதை வேறு. 1991-ல் பின்வாங்கிய ஈராக் படை குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது, கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் ஆனது. அந்தக் கரும்புகை விண்வெளியிலிருந்தே தெரிந்தது. 2003 ஜூனில் ஈராக்கின் மொசூல் நகருக்குத் தெற்கே அல்-மிஷ்ராக் கந்தக ஆலை கிட்டத்தட்ட ஒரு மாதம் எரிந்தது. அதிலிருந்து சுமார் 6 லட்சம் டன் சல்பர் டை ஆக்சைடு வெளியேறியதாகச் செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணக்கிட்டார்கள். எரிமலை அளவுக்கான சமாச்சாரம் அது. 2016-ல் ஐஎஸ் அமைப்பு அதே இடத்தில் மறுபடி தீ வைத்தது.

சரி, அந்த இரண்டு படங்களுக்கு மறுபடி வருகிறேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் மாதம் போட்டிருந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். முதலாவது ஜனவரி, இரண்டாவது மே! குளிர்காலத்தில் வெயில் குறைவு, அதனால் இந்த வாயு சிதைய அதிக நேரம் எடுக்கும். மே மாதத்தில் சீக்கிரம் மறையும். அதாவது போரே நடக்காவிட்டாலும் இரண்டாவது படம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்திருக்கும். மே என்றால் முந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் 2020 கொரோனா ஊரடங்கு ஆண்டு, அதை அளவுகோலாக வைத்தால் கணக்கு எக்குத்தப்பாகிவிடும். காற்று எந்தப் பக்கம் வீசியது, மேகம் எத்தனை நாள் மறைத்தது என்பதையெல்லாம் கழித்த பிறகுதான், உமிழ்வு இவ்வளவு குறைந்தது என்று வாயைத் திறக்க முடியும். ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதோடுதான்.

இவ்வளவு குறை சொல்லியும், இந்தத் தரவு வேண்டும் என்றே சொல்வேன். சண்டை நடக்கும் இடத்தில் தரையில் உள்ள அளவீட்டு நிலையத்துக்கு மின்சாரம் இருக்காது, பல சமயம் நிலையமே இருக்காது. 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் கீழும், ராணுவம் எவ்வளவு புகை விடுகிறது என்று தனியாகக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் எந்த நாட்டுக்கும் இல்லை. இந்த நிலையில் யாரிடமும் அனுமதி கேட்காமல் தினமும் தலைக்கு மேல் போய், தரவை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் ஒரு கருவியை விட்டுவிட முடியாது. எரிபொருளிலிருந்து வரும் கார்பன் உமிழ்வைக்கூட, இந்த வாயுவை வைத்து ஓரளவு மதிப்பிடலாம். அரசுகள் தாங்களாகவே கொடுக்கும் அறிக்கையை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உக்ரைனின் மின் கட்டமைப்பை ரஷ்யா 2022 அக்டோபரிலிருந்து குறிவைத்துத் தாக்கத் தொடங்கிய பிறகு, கடை, மருத்துவமனை, அடுக்குமாடி என்று எங்கும் டீசல் ஜெனரேட்டர்கள். அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கி நின்றுவிட, அதே புகை ஜன்னலுக்கு வெளியே, மூக்குக்கு நேராக வருகிறது. மொத்த வாயு குறைந்ததாகத்தான் படம் காட்டும். நாளுக்கு ஒருமுறை என்ற குறையைத் தீர்க்க, ஐரோப்பாவைப் பகலில் மணிக்கொரு முறை பார்க்கும் சென்டினல்-4 கருவியை 2025 ஜூலையில் ஏவியிருக்கிறார்கள். அதுவும் சூரிய ஒளியை நம்பித்தான் இருக்கிறது. ஜெனரேட்டர்கள் உறுமும் இரவில் அதற்கும் கண் தெரியாது.