கட்டுரைக் கட்டாயம் போனது சரி, அந்த இடத்தில் தேர்வு எங்கே?

முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு கட்சிகள். "தரம் போயிற்று" என்கிறது ஒன்று, "பிள்ளைகள் பிழைத்தார்கள்" என்கிறது மற்றொன்று. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்துக் கல்லூரியில் நெடுங்காலமாகக் கணிதம் நடத்துகிறவள் நான். எனக்கு இரண்டு கட்சியிலும் சேர மனமில்லை. கட்டாயத்தை எடுத்தது நியாயம்தான். ஆனால் எடுத்த இடத்தில் ஒரு தகுதித் தேர்வை வைக்காமல் வெறுமையாக விட்டுவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

விதி என்ன என்று கேட்டு முதுகலை முடிக்கும் பெண்கள் வந்துகொண்டே இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நுழைவுத் தேர்வு அல்லது நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. கணிதத்துக்கு அது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட்; நடத்துவது தேசியத் தேர்வு முகமை. சேர்ந்த பின் குறைந்தது 12 கிரெடிட் பாடநெறி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவின் முன் முன்னேற்ற அறிக்கை. காலம் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 6; மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுச் சலுகை, மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு. முடிவில் ஆய்வேடு, வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள், வாய்மொழித் தேர்வு. வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கினால் பகுதிநேரமாகவும் செய்யலாம். பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு நிபந்தனைகளைக் கூட்டிக்கொள்ளும். சேரும் இடத்தின் விதிப் புத்தகத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

இனி கட்டுரை விஷயம். கணிதத்தில் ஒரு நல்ல இதழுக்கு அனுப்பினால் பதில் வரவே ஓராண்டு ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம். படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் நின்று நிரூபணத்தைச் சரிபார்த்தாக வேண்டும். காலக்கெடு கழுத்தைப் பிடிக்கும் மாணவர் அவ்வளவு நாள் காத்திருப்பாரா? பணம் கட்டினால் பதினைந்தே நாளில் போட்டுத்தரும் இதழைத் தேடிப் போனார். அந்த இதழ்களை வடிகட்ட, மானியக் குழு ஏற்கும் இதழ்களின் கேர் பட்டியல் 2019இல் வந்தது. நல்ல இதழின் பெயரையே திருடிக்கொண்டு போலிகள் கிளம்பின. 2025 பிப்ரவரியில் பட்டியலையே கைவிட்டார்கள். ருஷ்யக் கணிதர் கிரிகோரி பெரல்மான், நெடுங்காலம் விடைகாணாதிருந்த புவான்கரே கணிப்பின் நிரூபணத்தை 2002, 2003இல் இணையத்தில் போட்டதோடு சரி, எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. எங்கள் பழைய விதிப்படி அந்த நிரூபணத்துக்குக் கட்டுரைக் கணக்கு பூஜ்யம்.

(ராமானுஜன் என்ன முனைவரா என்று கேட்கப் போகிறவர்களுக்கு இங்கேயே பதில்: 1916இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வுக்குக் கொடுத்தது பி.ஏ. பட்டம். அப்போது அங்கே முனைவர் பட்டம் என்ற ஒன்றே கிடையாது.)

எண்ணிக்கைக்காக எழுதப்பட்டவை எப்படியிருக்கும் என்பதற்கு எங்கள் தென்மாவட்டங்களில் கொடிகட்டிப் பறக்கும் கிராஃப் லேபிளிங் ஒன்றே போதும்; புள்ளிகளும் கோடுகளுமான வரைபடங்களுக்கு எண் கொடுக்கும் துறை அது. துறை மட்டமானதல்ல. நாலு புள்ளிகளை வரிசையாக மூன்று கோடுகளால் இணையுங்கள். 0 முதல் கோடுகளின் எண்ணிக்கையான 3 வரை உள்ள எண்களைப் புள்ளிகளுக்கு 0, 3, 1, 2 என்று கொடுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 3, 2, 1; ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. சுற்று இல்லாமல் கிளைவிடும் எந்த மரத்துக்கும் இப்படி எண் கொடுக்க முடியுமா? 1967இல் அலெக்சாண்டர் ரோசாவின் கட்டுரையிலிருந்து கிளம்பிய இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. அதில் கைவைக்க நெஞ்சுரம் வேண்டும். கைவைக்காமல் பட்டம் வாங்கவும் வழி உண்டு. வித்தியாசத்துக்குப் பதிலாகச் சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சராசரியை மேல்முழு எண்ணாக்குங்கள், அதற்கு ஒரு புதுப் பெயர் சூட்டுங்கள், விசிறி வடிவத்துக்கும் ஏணி வடிவத்துக்கும் பொருந்துகிறது என்று காட்டுங்கள். கட்டுரை தயார். இப்படிப் பெயர் பெற்ற லேபிளிங் வகைகள் இருநூறைத் தாண்டிவிட்டன, கட்டுரைகள் ஆயிரக்கணக்கில்.

வடிவங்களை நீட்டி வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் டோபாலஜியிலும் இதே கதைதான். நார்மன் லெவின் 1970இல் பொதுமைப்படுத்திய மூடிய கணங்கள் என்று ஒரு கருத்தைச் சொன்னார். அதன் முன்னால் ஒரு கிரேக்க எழுத்து, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி என்று ஒட்டிக்கொண்டே போகிறோம். நான் பார்வையாளராக உட்கார்ந்திருந்த ஒரு வாய்மொழித் தேர்வு இந்த வகைதான். வாசலில் வரவேற்பு ஃபிளெக்ஸ், மேசையில் சால்வைகள், தட்டில் முந்திரியும் மிக்சரும். மாணவி ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டு போனாள். தேர்வாளர் எதிர்காலத் திட்டம் என்ன என்று கேட்டார், அவளும் மனப்பாடமாகச் சொன்னாள். அப்போது பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "உன் வரையறைக்குப் பொருந்தி, பழைய வரையறைக்குப் பொருந்தாத கணம் ஒன்றைப் பலகையில் எழுதிக் காட்டம்மா" என்றார். அவள் நெறியாளரைப் பார்த்தாள். நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்றார். கைதட்டினோம். பிரியாணி நன்றாகவே இருந்தது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு கேள்வியை அத்தனை ஆண்டுகளில் அவளிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கணித ஆய்வில் சேர்ந்தவர் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் இயற்கணிதம், பகுப்பாய்வு, டோபாலஜி போன்ற அடிப்படைகளில் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். முன்பெல்லாம் பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்ய மொழிகளில் ஒன்றிலோ இரண்டிலோ கணிதம் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும் என்பார்கள். பல இடங்களில் அதை இப்போது விட்டுவிட்டார்கள். நம் நாட்டிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி) போன்ற நிறுவனங்களில் இப்படிப்பட்ட பொதுத் தேர்வு உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் இணைந்த கல்லூரிகளின் ஆய்வாளர்களுக்கு மட்டும் ஏன் கூடாது? முதல் பதினெட்டு மாதத்துக்குள் மூன்று தாள், இரண்டு வாய்ப்பு. தேறிய பிறகு கட்டுரை வெளியாகிறதோ இல்லையோ, ஆய்வேட்டை நல்ல தேர்வாளரிடம் அனுப்புங்கள். சென்னையில் பிறந்த கணித மேதை வரதனின் ஆய்வேட்டைக் கல்கத்தாவில் மதிப்பிட்டவர்களில் ஒருவர் ருஷ்யக் கணித மேதை கொல்மோகொரோவ். அந்த உயரத்துக்கு நாம் ஆள் தேட முடியாது, ஆனால் பக்கத்து மாவட்டத்து நண்பரைத் தாண்டியாவது போகலாம்.

இதை வெளியில் சொன்னால் சக ஆசிரியர்களே சண்டைக்கு வருகிறார்கள். "தேர்வு வைத்தால் நம் கடற்கரைப் பிள்ளைகள்தானே அடிபடுவார்கள், மேடம்?" எனக்குத் தெரிந்து அவர்களை அடித்தது கட்டுரைக் கட்டாயம்தான். தங்கச்சிமடத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி, விசைப்படகுத் தொழிலாளியின் மகள். இதழுக்குக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தது மே மாதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. "அப்பாவிடம் இதை எப்படிக் கேட்பது மேடம்?" என்றாள். தேர்வுக்குப் புத்தகமும் பேப்பரும் போதும். கட்டுரைக்குப் பணமும் ஆள் பழக்கமும் வேண்டியிருந்தது. கணித ஆய்வுக்கு ஆய்வகம் தேவையில்லை. 1991 முதல் நடக்கும் ஆர்க்கைவ் தளத்தில் புதிய ஆய்வுகளைக் காசில்லாமல் படிக்கலாம். இங்கே பஞ்சம், சந்தேகம் கேட்க ஆள் இல்லாததுதான்.

கேள்விக்கும் பஞ்சமில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1971இல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகமே மண்டபம்தான். மீன்வளத்தை மதிப்பிடுவது கணிதம். மில்னர் ஷேஃபர் 1954இல் கொடுத்த சமன்பாட்டின்படி, பிடிக்காமல் விட்டால் எட்டும் உச்ச அளவில் பாதியாக மீன்கூட்டம் இருக்கும்போதுதான் நீடித்துக் கிடைக்கும் மீன்பாடு அதிகம். தடைக்காலம் 2017இல் 45 நாளிலிருந்து 61 ஆனது. பாக் நீரிணையில் ஒன்றையொன்று தின்னும் பல இனங்கள் ஒரே வலையில் விழும்போது அந்தப் பதினாறு நாள் எதை மாற்றும்? வகைக்கெழுச் சமன்பாடு தெரிந்தவருக்கு இதில் ஓர் ஆய்வேடு காத்திருக்கிறது. எல்லோரும் மீனைத்தான் ஆராய வேண்டும் என்று சொல்லவில்லை, தூய கணிதத்தில்தான் என் மனமும். ஆனால் இருநூற்றுச்சொச்சமாவது லேபிளிங்குக்கு இது எவ்வளவோ மேல்.

பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தேர்வைக் கொண்டுவந்தால் வினாத்தாளை வெளியாட்களிடம் வாங்குங்கள், பழைய வினாத்தாள்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள், மையம் ஒன்றை ராமநாதபுரத்தில் வையுங்கள். காரைக்குடியிலோ மதுரையிலோ காலை ஒன்பதரைக்குத் தேர்வு என்றால், பாம்பனில் இருக்கும் பெண் விடியுமுன் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் முந்தின நாளே வந்து தங்க வேண்டும். கைக்குழந்தையோடு பகுதிநேரமாகப் படிக்கிறவளுக்கு இரண்டுமே நடக்காது.